ஒரு ஃபேன் போதும்

— ரெண்டு டேபிள் ஃபேன், பாய். ஹால்ல ஒண்ணு, உள் ரூம்ல ஒண்ணு.

— ஒண்ணு.

— டாடி, உள் ரூம்ல நான் படுக்கிறேன். மழைன்னா ஜன்னலைச் சாத்தணும். ஃபேன் இல்லாம எப்படித் தூங்குறது?

— ஒண்ணு போதும், ரெனி. பாய்... நீங்க ஒண்ணே போடுங்க.

— சார், மேடம், மொதல்ல அப்பாவும் பொண்ணும் ஒரு முடிவுக்கு வாங்க. இன்னா இன்னா ஓடணும்னு தெரிஞ்சாத்தானே எந்தப் பொட்டி வோணும்னு நான் சொல்ல முடியும்? மூணு பவர் ஸ்டேஷன் பேட்டரிப் பொட்டியையும் டி. நகர்லேந்து ஆட்டோல போட்டு எட்த்தாந்து, உங்க மாடிப்படியில தூக்கிக்கினு ஏறி, இன்னும் ஒரு வாய் தண்ணி குடிக்கல நானு.

— ஐயோ, சாரி கரீம் பாய். தோணவே இல்ல. இந்தாங்க. மோர் வேணுமா?

— தண்ணியே போதும் மேடம். ஹா... இப்பதான் உசுரு வந்துச்சு. சரி, சொல்லுங்க. மெயின் ஐட்டம் சாரோட ஆக்ஸிஜன் மெஷினு. கரண்ட் பூட்டா அது நிக்கக் கூடாது. கரெக்டா?

— அது ஒண்ணுதான் பாய் முக்கியம். மத்ததெல்லாம் இருந்தா இருக்கட்டும். நாள் பூரா மூக்குல ட்யூப்தான். பாத்ரூம் போறதுக்குக் கழட்டினாலே உதடு நீலமாயிடுது.

— நீலமெல்லாம்... ஆகல.

— நீங்க உங்க உதட்டைப் பார்க்கிறதில்ல டாடி. நான்தான் பார்க்கிறேன்.

— ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. இதுக்கு சாதா இன்வெர்ட்டர் போட்டுக்கலாமே? பவர் ஸ்டேஷன் வெலைய கேட்டா நல்லா கீறவங்களுக்கே மூச்சு வாங்கும். வித்தா எனக்கு நல்லதுதான். ஆனா நாளைக்கு நீங்க என்னத் திட்டக் கூடாது, பாருங்க.

— இருந்துச்சு பாய். கீழே படிக்கட்டுக்கு அடியில வெச்சிருந்தோம். போன வருஷ மழையில கரண்டைக் கட் பண்ணினாங்க. அதுக்குள்ள தெருத் தண்ணி உள்ளே வந்து இன்வெர்ட்டர், பேட்டரி எல்லாம் முழுகிடுச்சு. கரண்ட் போனா காப்பாத்தணும்னு வாங்கினது, கரண்ட்டோட சேர்ந்து போயிடுச்சு. மறுபடி மாடியில வைக்கலாம்னா வீட்டுக்காரர் ஆசிட் பேட்டரி கூடவே கூடாதுங்கிறாரு.

— சிலிண்டரு?

— ஒண்ணு எப்பவும் வீட்ல இருக்கு. அன்னிக்கு அதுவும் தீர்ந்துபோச்சு. இன்னொண்ணு எடுத்துட்டு வந்த ஆளு மந்தவெளி தாண்ட முடியாம திரும்பிட்டாரு. இடுப்பு வரைக்கும் தண்ணி. கடைசியில கார்ப்பரேஷன் டிராக்டர்லதான் டாடிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கிழிசல் தார்ப்பாயை நான் மேல புடிச்சிட்டு உக்காந்திருந்தேன். இவங்க என்னடான்னா டிராக்டர் ஓட்டுறவர்கிட்ட, ஸ்பீடா போ, ஸ்பீடா போன்னு...

— ஸ்டெடின்னேன். ஸ்பீடுன்னு... சொல்லல. பி.டி. வாத்தியார் நான். முப்பது வருஷம் பசங்கள... ஓட விட்டவன். எப்ப ஓடணும், எப்ப... ஸ்டெடின்னு எனக்குத் தெரியும்.

— பேசாதீங்க டாடி. பேசினா ஆக்ஸிஜன் மீட்டர் இறங்குது. பாருங்க, எண்பத்தொம்பது.

— அன்னிக்கு ஞாயித்துக்கெழமை, பாய். மூணாவது ஓலை... அன்னிக்கு.

— அதை எதுக்கு டாடி இப்போ இவர்கிட்ட?

— ஓலைன்னா இன்னா சார்? கூரைக்கு வேய்றதா?

— இல்ல பாய். எங்க ஆளுங்கள்ல கல்யாணத்துக்கு முன்னாடி... மூணு ஞாயிறு சர்ச் பூசையில பேர் வாசிப்பாங்க. இன்னார் மகனுக்கும்... இன்னார் மகளுக்கும் கல்யாணம்னு. அதுக்குப் பேரு ஓலை. இவளுக்கு ரெண்டு ஓலை... வாசிச்சாச்சு. மூணாவது அன்னிக்குத்தான்... நான் டிராக்டர்ல போனேன்.

— அல்லா! அப்புறம் கல்யாணம்?

— அப்புறம் ஒண்ணுமில்ல பாய். டாடி இருபது நாள் ஐ.சி.யூ.ல இருந்தாங்க. நின்னுபோச்சு. அவ்வளவுதான். நீங்க அந்தச் சின்னதை எடுங்க, என்னன்னு பார்ப்போம்.

— எட்த்துடறேன் மேடம். இதோ, இது சின்னது. பூ மாதிரி கீது, ஒரு கையில தூக்கலாம். பீச்சுல பஜ்ஜிக் கடைக்கு, ஃபோட்டோ எடுக்கிறவங்களுக்கு நெறைய குட்த்திருக்கேன். ஆனா உங்க மெஷின் இழுக்கிற கரண்டுக்கு ஒரு மணி நேரம் ஓடினாலே பெருசு.

— ஒரு மணி நேரமா? போன வருஷம் ரெண்டு நாள் கரண்ட் இல்ல.

— ரெண்டு நாளுக்கு எந்தப் பொட்டியும் தாங்காது மேடம், நான் பொய் சொல்ல மாட்டேன். இது வந்து, ஆம்புலன்சு வர்ற வரைக்கும், சிலிண்டரு வர்ற வரைக்கும், இல்லாங்காட்டி எதிர் வூட்டு ஜெனரேட்டர்லேந்து வயரு இழுக்கிற வரைக்கும். நடுவுல கீற அந்த டைமுதான் ஆள அட்ச்சிடும். அந்த டைமைத்தான் நான் விக்கிறேன்.

— வேணாம். சின்னது... எடுத்து வெச்சுடுங்க.

— இது நடுவுலது சார். ரெண்டு, ரெண்டரை மணி நேரம் கேரண்டி. மேடமே தூக்கிடலாம். நெறைய பேரு இதான் எடுக்கிறாங்க. பாருங்க மேடம், தூக்கிப் பாருங்க.

— ம். தூக்கலாம். அரிசி மூட்டையைவிட லேசுதான். டாடி, இது நல்லா இருக்கு. இதையே வாங்கிடலாம். எனக்கு மதியானம் டியூஷன் பசங்க வந்துடுவாங்க.

— இரு. கரண்ட் போனா... இது தானா ஓடுமா?

— தானா எப்டி சார்? போனவுடனே பொட்டியண்ட வரணும். மெஷின் ப்ளக்க செவுத்துலேந்து புடுங்கி இதுல சொருவணும். இந்தப் பட்டன அமுக்கணும். மூணே வேலை, அரை நிமிஷம். குழந்தை கூடப் பண்ணும்.

— யாரு அமுக்குறது?

— என்ன டாடி கேள்வி? நான் அமுக்குவேன்.

— நீ இல்லேன்னா?

— எங்கே போகப்போறேன்? டியூஷன் இங்கேயே எடுக்கிறேன். ஸ்கூல் வேலையை விட்டாச்சு. பால் வாங்கக் கூட வீட்டு வேலைக்கு வர்ற முனியம்மாதான் போறாங்க. ஞாயிறு பூசைக்குப் போனாலும் கடைசி பெஞ்சுல உக்காந்து, நன்மை அப்பம் வாங்கின கையோட வந்துடறேன். தேர்த் திருவிழா பார்த்து எத்தனை வருஷம் ஆச்சுன்னு எனக்கே தெரியல. நான் இல்லாம எப்ப இருந்தீங்க நீங்க?

— கோபமா சொல்றியா?

— இல்ல டாடி. அலுப்பா சொல்றேன். கோபப்பட எனக்குத் தெம்பு இல்ல.

— தெரியும்மா. அதுதான்... கேக்குறேன். பாய், பட்டன் அமுக்க ஆள் வேணாத மாதிரி... எது?

— அதுக்குத்தான் சார் இந்தப் பெருசு. யப்பா! நவுத்தவே ரெண்டு பேர் வோணும். இத எப்பவும் செவுத்து ப்ளக்குலயே மாட்டி வெச்சிடலாம். மெஷினு இதுலேந்து ஓடிக்கினே இருக்கும். கரண்ட் போனா டக்குனு இதுவே எட்த்துக்கும். கண்ணு மூடித் தொறக்கிறதுக்குள்ள. மெஷினுக்கே தெரியாது கரண்ட் போனது. நாலு மணி நேரத்துக்குக் குறையாது.

— டாடி, வேணாம். இதை யாரு தூக்குறது? கீழே கொண்டுபோகணும்னா? ஆம்புலன்ஸ்ல வைக்கணும்னா?

— தூக்கினாத்தானே... ஆள் வேணும். இது இங்கயே கெடக்கட்டும். என்னை மாதிரி.

— வெலை?

— வெலையை... நான் பார்த்துக்கறேன். பென்ஷன் வருது. எனக்கு இப்ப என்ன செலவு? காத்து ஒண்ணுதான்.

— சிரிக்காதீங்க, இருமல் வரும்.

— ஃபோனுக்கு ஆப்பு கூட வருது சார். கரண்ட் பூட்டா, பேட்டரி எறங்கினா, ஃபோன்ல சத்தம் குடுக்கும். வைஃபை பொட்டியையும் இதுலயே மாட்டிட்டா நிக்காது. யார் ஃபோன்ல போடணும்? மேடம், உங்க ஃபோனைக் குடுங்க.

— இந்தாங்க.

— ஆலிஸ் ஃபோன்ல போடுங்க... பாய். எதிர் ஃப்ளாட்டு. அந்தம்மாவும் வீட்டுக்காரரும் எப்பவும்... வீட்லதான் இருப்பாங்க. சொல்லி வெச்சிருக்கேன். இவளுக்கு... ரெண்டாவதா போடுங்க.

— ஆலிஸ் ஆன்ட்டிக்கு மொதல்லயா? ஏன், எனக்கு ஃபோன் பார்க்கத் தெரியாதா?

— தெரியும்.

— அப்புறம்? ஃபேன் எனக்கு வேணாம். ஃபோன்ல நான் ரெண்டாவது. பட்டன் அமுக்குறதுக்கும் நான் வேணாம். காலையிலேந்து பார்க்கிறேன். இந்த வீட்ல நான் ஒரு ஆளாவே உங்க கணக்குல இல்லையா டாடி?

— ஸ்டெடி, ரெனி.

— ஸ்டெடியெல்லாம் வேணாம்! நான் உங்க ஸ்கூல் பையன் இல்ல. மம்மி போனதுலேந்து இந்த மெஷின் சத்தம் நின்னா முழிச்சுக்கற மாதிரி தூங்கிப் பழகிட்டேன். சத்தம் இருந்தாத்தான் எனக்குத் தூக்கமே வரும். அந்தத் தூக்கத்துக்கு ஒரு ஃபேன் கேட்டா, வேணாம்ங்கிறீங்க.

— மேடம், நான் வோணா கீழ ஆட்டோலே வெயிட் பண்ணட்டா?

— உக்காருங்க பாய். உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? சும்மா சொல்லுங்க, ரெண்டாவது ஃபேன் போட்டா எவ்வளவு குறையும்?

— குறையும் மேடம். ஒரு அரை மணி நேரம் குறையும்.

— அரை மணி நேரம் உங்க மூச்சு. இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே டாடி? நான் ஃபேன் கேட்டிருக்கவே மாட்டேன். புழுங்கினா புழுங்கட்டும், உங்க பக்கத்துலயே பாயைப் போட்டுப் படுத்துக்கறேன்.

— அரை மணிக்காக... இல்லம்மா.

— பின்னே எதுக்காக?

— இரு. மொதல்ல... இது ஓடுதான்னு பார்க்கணும். பாய், மெஷினை இதுல மாட்டுங்க. மாட்டிட்டு... வாசப்பக்கம் மெயின் ஸ்விட்ச் இருக்கு. அதை அணைங்க.

— டாடி! ட்யூபை மாட்டிட்டேவா? முடியாது. பாய், அணைக்காதீங்க. சிலிண்டரை நான் பக்கத்துல எடுத்துட்டு வந்துடறேன், அப்புறம் பார்க்கலாம்.

— சிலிண்டர் வேணாம். சிலிண்டர் திறக்க... நீ வேணும். நீ இல்லாம ஓடுதான்னு பார்க்கணும். நீ அங்கே... கதவாண்ட போய் நில்லு.

— நிக்க மாட்டேன்.

— ரெனி. நான் கேக்குறேன்ல. கதவாண்ட... போ. கையைக் கட்டிக்கோ. நான் சொல்ற வரைக்கும்... கிட்ட வராதே.

— இன்னா மேடம், அணைக்கட்டா? ஒண்ணும் ஆவாது. என் மேல நம்பிக்கை வைங்க. இல்ல, பொட்டி மேல வைங்க.

— ...சரி. அணைங்க. மாதாவே.

— அணைச்சுட்டேன்!

— ஃபேன் நின்னுடுச்சு. ஃப்ரிட்ஜும் நின்னுடுச்சு... டாடி? டாடி, மூச்சு வருதா?

— அங்கயே... நில்லு.

— மீட்டரைப் பாருங்க டாடி, எனக்கு இங்கேருந்து தெரியல. என்ன நம்பர்?

— தொண்ணூத்தி ரெண்டு.

— பொய் சொல்லாதீங்க.

— நான் பார்க்கிறேன் மேடம். தொண்ணூத்தி ரெண்டுதான், சத்தியமா. மெஷின் அது பாட்டுக்கு ஓடிக்கினு கீது. ஒரு பீப் கூட வரல, கவனிச்சீங்களா? வூட்ல எல்லாம் நின்னுபோச்சு, இது நிக்கல.

— கேட்டுச்சா, ரெனி? எல்லாம் நின்னுடுச்சு. நீ கதவாண்ட நிக்கிற. நான்... மூச்சு விட்டுக்கிட்டிருக்கேன்.

— சரி டாடி. நல்ல பொட்டி. இதையே வாங்கிடலாம். இப்ப நான் வரலாமா?

— இன்னும் கொஞ்சம். பாய்... மெயினைப் போட வேணாம். இப்படியே இருக்கட்டும். நான் ஒண்ணு சொல்லணும்.

— சொல்லுங்க. மெதுவா.

— முனியம்மாகிட்ட... பேசிட்டேன். பெரும்பாக்கத்துலேந்து ரெண்டு பஸ் மாறி வர்றா. அங்கே மவன், மருமவ... சின்ன வீடு. இங்கயே தங்கிக்கறேன்னுட்டா. இந்த ஹால்ல... என் கட்டிலுக்கு அந்தாண்ட பாய் போட்டுக்குவா. மெஷின் சத்தம் பேஜாரு இல்ல வாத்தியாரே... உன் கொறட்டைதான் பேஜாருங்கிறா. ரெண்டு பேரும் ஒரே ரூம்ல. அதான்... ஒரு ஃபேன்.

— முனியம்மா எதுக்கு இங்கே தங்கணும்? நான் எங்கே போறேன்?

— மொத வெள்ளிக்கிழமை ஃபாதர்... எனக்கு நன்மை குடுக்க வீட்டுக்கு வந்தாருல்ல. நீ அவருக்குக் காபி போடப் போனே. அப்ப கேட்டேன். போன வருஷம் வாசிச்ச ஓலை... இனிமே செல்லாதாம். மறுபடி மொதல்லேந்து... மூணு ஓலை வாசிக்கணுமாம். கிறிஸ்மஸுக்கு முன்னாடி அட்வென்ட் காலம் வந்துட்டா... கல்யாணம் வைக்க மாட்டாங்க. இந்த ஞாயிறு ஆரம்பிச்சா... அதுக்குள்ள முடிச்சுடலாம்னாரு.

— டாடி, ஜெஃப்ரிகிட்ட நான் போன வாரமே சொல்லிட்டேன். எனக்காகக் காத்திருக்க வேணாம், வேற பொண்ணு பாருங்கன்னு சொல்லிட்டேன்.

— கேட்டுச்சு. பால்கனியில நின்னுதானே... பேசினே. எனக்கு மூச்சுதான் போச்சு. காது நல்லா இருக்கு. ஃபோனை வெச்சுட்டு உள்ளே வந்து... எனக்குக் கஞ்சி ஊத்தினே. கஞ்சியில உப்பே இல்ல. நான் சொல்லல.

— அவரும் என்ன செய்வாரு? அவர் வேலை தூத்துக்குடி ஹார்பர்ல. உங்களை அங்கே கூட்டிட்டு வரச் சொன்னாரு. டாக்டர்தான் இந்த நிலைமையில அவ்வளவு தூரம் வேணாம்னுட்டாரு.

— டாக்டர் சரின்னாலும்... நான் வர மாட்டேன். நான் வந்தா அங்கேயும் நீ... நர்ஸு. மெஷின் சத்தம் கேட்டுக்கிட்டே அங்கேயும் பாதித் தூக்கம். ஜெஃப்ரிக்கு நேத்து ஃபோன் போட்டேன்.

— போட்டீங்களா? என்னைக் கேக்காம?

— உன்னைக் கேட்டா வேணாம்பே. அவன் வேற யாரையும்... பார்க்கலையாம். ரெனிட்டா வாயால சொல்லட்டும் மாமா, வர்றேன்னான். ஃபாதரும் அதேதான் சொன்னாரு. நீங்க சொன்னா வாசிக்க மாட்டேன்... பொண்ணு வந்து சொல்லணும்னு. சாயங்காலம் கோயில் ஆபீஸ்ல இருப்பாரு.

— மேடம், அழாதீங்க. சார், இன்னா சார் நீங்க, பொட்டி விக்க வந்தவனையும் சேர்த்து அழ வைக்கிறீங்களே.

— டாடி, ஒரு பொட்டியை நம்பி உங்களை விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா? நாலு மணி நேரம். அதுக்கு மேல?

— அதுக்கு மேல ஆலிஸ். அதுக்கு மேல... முனியம்மா. அதுக்கு மேல ஆண்டவர். நீ இருந்தப்பவும் போன வருஷம்... டிராக்டர்லதானே போனேன்? உன் கையில என்ன இருந்துச்சு? ஒரு தார்ப்பாய்தான்.

— அந்தத் தார்ப்பாயைப் பிடிக்கவாவது ஒருத்தி வேணும்ல டாடி?

— முனியம்மா... புடிப்பா.

— எனக்குப் பயமா இருக்கு டாடி.

— எனக்கும்தான். மூச்சு நின்னுடுமோன்னு... பயம் இருக்கு. ஆனா அதைவிட... நான் போனப்புறம் நீ இந்த ஹால்ல மெஷின் இல்லாம, தூக்கம் வராம உக்காந்திருப்பியே... அந்தப் பயம்தான் பெருசு. ரெனி, ஓலை வாசிக்கும்போது ஃபாதர் கேப்பாருல்ல? இந்தக் கல்யாணத்துக்கு ஏதாவது தடை இருக்குன்னு... தெரிஞ்சவங்க வந்து சொல்லுங்கன்னு?

— ம்.

— போன வருஷம் ரெண்டு ஞாயிறு கேட்டாரு. ஒருத்தரும்... எழுந்து சொல்லல. ஆனா கோயில்ல அத்தனை பேருக்கும் தெரியும்... தடை யாருன்னு. எனக்கும் தெரியும். இந்த வருஷம் தடை இல்லம்மா. செவுத்துல மாட்டி வெச்சாச்சு. பார்த்தேல்ல... நீ கதவாண்ட நின்னே. நான் ஓடிக்கிட்டிருக்கேன்.

— சார், மெயினப் போட்டுடட்டா? ஒரே புழுக்கமா கீது. சாருக்கும் வேர்த்துக் கொட்டுது.

— போடுங்க பாய்.

— போட்டாச்சு. ஹா, ஃபேன் வந்துச்சு. சரி, எத எட்த்துக்கறீங்க, சொல்லிடுங்க. பெருசுதானே? எந்தெந்த லோடுக்குன்னு பில்லுல போட்டுக் குடுத்துடறேன், சர்வீசுக்கு வர்ற பையனுக்குத் தெரியணும். ஆக்ஸிஜன் மெஷினு ஒண்ணு. வைஃபை ஒண்ணு. ஃபேனு... மேடம், நீங்க ரெண்டுன்னீங்க, சார் ஒண்ணுன்னாரு. சார், சொல்லுங்க.

— அவளையே... கேளுங்க.

— மேடம்?

— பாய், கோயில் ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறக்கும்னு ஆலிஸ் ஆன்ட்டியைக் கேட்டுட்டு வந்துடறேன். அதுக்குள்ள நீங்க பில் போடுங்க.

— போடறேன் மேடம். ஆனா ஃபேனு எத்தினி?

— ஒண்ணு.